முதல் ஊசி மாஸ்டருக்கு

ஜனவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் இடுப்பைத் தவிர. போன வாரம் உன் அண்ணி அலமாரியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முன்னே இருந்ததே நல்லாருந்துச்சு" என்றாள். அலமாரி பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. இடுப்பு இன்னும் திரும்பவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வார இதழ் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "மாமியார் ஜோக்கெல்லாம் போதும் சார். கொஞ்சம் ரத்தம் வர்ற மாதிரி ஏதாவது எழுதுங்க" என்றார். வாயைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கலாம். குத்துச்சண்டைக்காரர்கள் பலம் சேர்க்க அந்தக் காலத்திலிருந்து என்னென்ன தின்றார்கள், குடித்தார்கள், பூசிக்கொண்டார்கள் என்று ஒரு தொடர் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெயர்கூட வைத்தாகிவிட்டது: 'முஷ்டியும் புஷ்டியும்.' எழுத விஷயம்தான் இல்லை.

என் தங்கையைக் கட்டியவர் ஒரு குத்துச்சண்டை மாஸ்டர் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையிடம் கேட்டு எழுதேன். அவர் காலத்துக் கதை, அவர் மாஸ்டர் காலத்துக் கதை, புளுகானாலும் பரவாயில்லை. நான் எழுதும்போது எப்படியும் புளுகாகத்தான் ஆகும்.

உன் மகள் சுண்டெலி எப்படி இருக்கிறாள்? இருபத்திரண்டு வயதுப் பெண்ணை இன்னும் சுண்டெலி என்கிறேனே என்று கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொண்டு ஒரு குத்து விடாத தூரத்தில்தான் இருக்கிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உன் அண்ணன்


ஜனவரி 25

அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். இனி அலமாரி நகர்த்த ஆள் வைத்துக்கொள்ளச் சொல்லி அண்ணியிடம் நான் சொன்னதாகச் சொல்லவும்.

அவர் பயிற்சிக் கூடத்துப் பிள்ளைகளுக்குக் கைக்கட்டுத் துணி சுற்றிக்கொண்டே சொல்லச் சொல்ல எழுதினேன். அவருடைய மாஸ்டர் உப்புத் தண்ணீர் வாளியில் தினமும் முகத்தை முக்கி எடுப்பாராம், தோல் தடித்தால் புருவம் கிழியாது என்று. கையையும் அதே தண்ணீரில் ஊறப்போடுவாராம். தாடை உறுதிக்கு மரப்பிசின் மெல்லுவது. பச்சை முட்டை. இறைச்சியை மென்று சாற்றை மட்டும் விழுங்கிச் சக்கையைத் துப்புவது. எடை பார்க்கும் நாளுக்கு முன் தண்ணீர் குடிக்காமல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடுவது. போட்டி முடியும்வரை மனைவி வேறு அறையில். இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஒரு வழக்கத்தைப் பற்றிக் கட்டாயம் எழுதச் சொன்னார். தைலமோ பொடியோ மாத்திரையோ, கூடத்துக்கு எது புதிதாக வந்தாலும் முதலில் மாஸ்டர்தான் சாப்பிட வேண்டும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் பிள்ளைகளுக்கு. அவருடைய மாஸ்டர் ஒரு கஷாயத்தை அப்படிக் குடித்துப் பார்த்து, வயிறு வெந்து படுத்தே போய்விட்டாராம். பிள்ளைகள் தப்பித்தார்கள். "அவரு போட்ட சட்டம், நான் மீற மாட்டேன்" என்கிறார்.

சுண்டெலி இன்னும் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வேலையில்தான் இருக்கிறாள், தற்காலிகமாக. காய்கறிக் கடைக்காரர்கூட, "உங்க பொண்ணு குரலைக் கேட்டுத்தாம்மா நான் கடை திறக்கறேன்" என்கிறார். ஜூலையில் துறைமுக நிறுவனத்தின் குத்துச்சண்டை அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அவள் எடைப் பிரிவில் ஒரே ஓர் இடம். கிடைத்தால் நிரந்தர வேலை, தங்க வீடு. போன வருடம் எதிர்க் கூடத்துப் பெண்ணிடம் தோற்றாள். ஆட்டத்தில் இவள்தான் மேல். தோள் பலம்தான் போதவில்லை. அன்றிலிருந்து வீட்டில் சோறு இறங்குவதில்லை, அவருக்கும் அவளுக்கும்.

நேரம் கிடைத்தால் ஒருமுறை வந்து போங்கள்.

தங்கை


பிப்ரவரி 16

அன்புள்ள தங்கைக்கு,

நலம். புகழ் வந்தவனுக்கு வேறென்ன வரும்? இடுப்பு வலிகூட மரியாதையாக வலிக்கிறது.

மாப்பிள்ளையைப் பற்றி எழுதிய வாரம் இதழ் தீர்ந்துபோய்விட்டது. இதோடு அனுப்பியிருக்கிறேன். பெயர் போடவில்லை. ஆனால் தகரக் கூரை, கூடத்து வாசலில் தொங்கும் கிழிந்த குத்து மூட்டை, மாஸ்டரின் வளைந்த மூக்கு எல்லாம் போட்டிருக்கிறேன். உங்கள் ஊர்க்காரனுக்குப் பெயர் எதற்கு?

'அரசன் சாப்பிடும் முன் ருசி பார்க்க ஓர் ஆள் இருப்பான். விஷமாக இருந்தால் அவன் சாவான், அரசன் பிழைப்பான். இந்தக் கூடத்தில் அரசனே ருசி பார்க்கிறார், சேவகர்கள் வரிசையில் நின்று அவர் முகத்தைப் பார்க்கிறார்கள்' என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் அந்த இடத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினெட்டு வருடமாக அவரைச் சிரிக்கவைக்க முயன்றுகொண்டிருக்கிறேன், அழத்தான் வைக்க முடிந்திருக்கிறது.

மாப்பிள்ளையிடம் என் வணக்கத்தைச் சொல். வேறு கதை இருந்தால் கறந்து அனுப்பு. சுண்டெலியின் தோளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நலமாக இருங்கள்.

உன் அண்ணன்


மார்ச் 8

அண்ணனுக்கு,

சுகம். அண்ணிக்குச் சளி என்று கேள்விப்பட்டேன், வெந்நீரே குடிக்கச் சொல்லவும்.

உங்கள் கட்டுரையைக் கூடத்து வாசற்கதவில் ஒட்டியிருக்கிறார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இதுல ஒரு மாஸ்டரைப் பத்தி எழுதியிருக்காங்க, யாருன்னு தெரியல" என்கிறார். தெரிந்துகொண்டு அவர்கள் சிரித்தால் இவரும் சிரிக்கிறார்.

அதைப் படித்துவிட்டு மருந்துப் பெட்டியோடு ஒருவர் வந்தார். கையில் உங்கள் பக்கம். "நீங்க போட்டுப் பார்த்து நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா, ஊர்ல எல்லாக் கூடமும் வாங்கும் மாஸ்டர்" என்றார். சத்து ஊசியாம். எழுத்துப் படிக்க முடியாத புட்டி. அன்றைக்கே தொடையில் போட்டுக்கொண்டார்.

அதிலிருந்து பசி தாங்கவில்லை. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறார். முகத்தில் பரு. மாடிப்படி ஏறும்போது பாட்டு. சின்ன விஷயத்துக்குக் கோபம் வந்து தட்டைத் தள்ளுகிறார், கொஞ்ச நேரத்தில் தானே எடுத்துக் கழுவுகிறார். "இருபது வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு. ஒரு கெடுதலும் இல்ல" என்கிறார்.

எனக்கு என்னவோ மாதிரி இருக்கிறது. நீங்கள் ஒருமுறை வந்து அவரிடம் பேசினால் நல்லது. நீங்கள் சொன்னால் கேட்பார், பத்திரிகையில் வருகிற மனிதர்.

தங்கை


மார்ச் 20

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணியின் சளி என்னிடம் வந்துவிட்டது. இந்த வீட்டில் எதுவும் வெளியே போவதில்லை.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. ஐம்பது வயதில் மாப்பிள்ளைக்குப் பருவா? என் வயதுக்கு எனக்குப் புதிதாக முளைப்பது காதில் மயிர் மட்டும்தான். மாடிப்படியில் பாட்டு வேறு. நீ அதிர்ஷ்டக்காரி. உன் அண்ணி என்னைப் பார்த்து, "அந்தப் புட்டி நமக்கும் ஒண்ணு கிடைக்குமா" என்று கேட்டாள். நான் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டேன்.

தொடர் ஜோராகப் போகிறது. இந்த வாரம் எட்டிக்காய். அந்தக் காலத்தில் வீரன் சோர்ந்து மூலையில் உட்கார்ந்தால் பிராந்தியில் ஒரு சிட்டிகை எட்டி விஷம் கலந்து ஊற்றுவார்களாம். சிட்டிகை சரியாக இருந்தால் எழுந்து அடிப்பான். கொஞ்சம் கூடினால் எழுந்திருக்கவே மாட்டான். 'எட்டி பழுத்தென்ன' என்று பழமொழி சொன்னவர் குத்துச்சண்டை பார்த்ததில்லை போலிருக்கிறது. அடுத்த வாரம், வீரியத்துக்காகக் கிடாவின் விதைச் சாற்றை உடம்பில் ஏற்றிக்கொண்டவர்கள். ஜெயித்தவர்கள் எல்லோரும் மருந்தால் ஜெயித்தோம் என்றார்கள். தோற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சிலர் சொல்லும் நிலையில் இல்லை.

வருவதற்கு ஆசைதான். வாரா வாரம் பக்கம் கொடுக்க வேண்டும், நகர முடியவில்லை. மாப்பிள்ளையின் பருவைத் தொடர்ந்து கவனித்து எழுது, எனக்கு உதவும். எல்லோரும் சௌக்கியமாக இருங்கள்.

உன் அண்ணன்


மே 16

அண்ணனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நாங்கள் இருக்கிறோம்.

அவருக்குப் பரு போய்விட்டது, ஊசியை நிறுத்திவிட்டார். ஏப்ரல் முதல் சுண்டெலிக்குப் போடுகிறார். தோள் நன்றாக ஏறியிருக்கிறது. மூட்டை ஆடுகிற ஆட்டத்தில் கொக்கி கழன்றுவிடும் போலிருக்கிறது. கூடத்தில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். ஒரு பொம்பளைப் பிள்ளைக்குத் தொண்டை கட்டினால் எத்தனை நாளில் சரியாகும்? உங்களுக்கு எத்தனையோ பேரைத் தெரியும், யாரையாவது விசாரித்து எழுதுங்கள். நிலையத்தில் விடுப்புப் போட்டிருக்கிறாள்.

கூடத்துக்குப் போன் பண்ண வேண்டாம். கடிதமே போதும். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கை


மே 27

அன்புள்ள தங்கைக்கு,

நலம். தொண்டைக் கட்டுக்கெல்லாம் இவ்வளவு விசாரணையா? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல். ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல், உன் மகளுக்கு அதுதான் கஷ்டம்.

போன் பண்ண வேண்டாம் என்று நீ எழுதினால் நான் பண்ணாமல் இருப்பேனா? சிறுவயதிலிருந்தே நீ வேண்டாம் என்றதைத்தானே செய்கிறேன். ஆனால் உங்கள் கூடத்துப் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை குத்துவதற்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு மரியாதை சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருத்தன் எடுத்தான்.

"யாருப்பா அது?"

"கூடம்."

"கூடம் பேசுமா? ஆளு யாரு?"

பின்னால் யாரோ மூட்டையைக் குத்தும் சத்தம் கேட்டது.

"சரி, சுண்டெலியைக் கூப்பிடு தம்பி. அவ மாமா பேசறேன்னு சொல்லு."

"அவ இல்ல."

"உனக்கு இப்பதான் தொண்டை உடையுதா? தகர டப்பாவுல கல்லைப் போட்டு உலுக்கற மாதிரி இருக்கே. கவலைப்படாத, மீசை வந்தா சரியாயிடும்."

பட்டென்று போனை வைத்துவிட்டான். மாப்பிள்ளையிடம் சொல்லி அவன் காதைத் திருகச் சொல்.

தொடரின் கடைசிப் பகுதிக்கு ஒரு பழைய டாக்டரைப் பிடித்திருக்கிறேன். முப்பது வருடம் போட்டிக் களத்தில் உட்கார்ந்து புருவம் தைத்தவர். அடுத்த வாரம் பார்க்கிறேன். இந்தக் காலத்து ஊசி, மாத்திரை எல்லாம் சொல்வாராம். எல்லோரும் நலமாக இருங்கள்.

உன் அண்ணன்


ஜூன் 14

தங்கைக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. வேலை இருக்கும் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

டாக்டரைப் பார்த்தேன். நல்ல பேச்சுக்காரர், எனக்கு மேல் ஜோக் அடிக்கிறார். மாப்பிள்ளை தானே போட்டுப் பார்த்த கதையை நானும் பெருமையாகச் சொன்னேன். பரு, பசி, பாட்டு வரைக்கும் சிரித்துக்கொண்டே கேட்டவர், "அப்புறம் யாருக்குப் போட்டாரு?" என்றார். மகளுக்கு என்றேன். கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டார்.

"அது ஆம்பளை உடம்புல ஏற்கெனவே ஊறுற சரக்குய்யா. நிறைஞ்ச கிணத்துல இன்னும் ஒரு குடம் ஊத்தினா என்ன தெரியும்? அந்தப் பொண்ணுக்கு அது வெள்ளம். அதை ஒரு ஆம்பளை தன் மேல போட்டு சோதிச்சானா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. முகத்தில் முடி வந்தால் எடுத்துவிடலாம், ஊசியை நிறுத்தினால் தோள் வாடிவிடும், ஆனால் குரல்வளை தடித்தால் தடித்ததுதான் என்கிறார். குரல் திரும்பாதாம். இப்போதே நிறுத்தினால் இருக்கிற அளவோடு நிற்குமாம்.

தொண்டைக் கட்டு என்று நீ எழுதியது எத்தனை நாளாக?

மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டு. உடனே நிறுத்தச் சொல். அந்த ஒரு இடம் போனால் போகட்டும், வேறு இடம் வரும். இருபத்தெட்டாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். நானே அவரிடம் பேசுகிறேன்.

அன்றைக்குப் போன் எடுத்த பையன் யார் என்று மட்டும் எழுது.

அண்ணன்


ஜூலை 19

மச்சானுக்கு வணக்கம்.

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. உங்கள் தங்கை எழுத மாட்டேன் என்றதால் நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

சுண்டெலி ஜெயித்துவிட்டாள். எதிர்க் கூடத்துப் பெண் இரண்டாவது சுற்றில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நடுவர் நிறுத்திவிட்டார். இத்தனை வருடத்தில் நான் அப்படி ஒரு இடது கை பார்த்ததில்லை. துறைமுக அணியின் ஆட்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இனி வைத்தியப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி, அதற்குப் பிறகு வேலை உத்தரவு.

உங்கள் டாக்டர் சொன்னதை உங்கள் தங்கை படித்துக் காட்டினாள். டாக்டர் புருவம் தைத்தவர். ஆளைத் தயார் பண்ணியவர் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் என் தொடையில் நானே போட்டுக்கொண்டேன். என் குரல் மாறவில்லை. மீசை ஒரு முடி கூடவில்லை. எனக்கு ஆகாதது அவளுக்கு எப்படி ஆகும்? என் ரத்தம்தானே? அவளும் முதலில் பயந்துதான் கேட்டாள், "குரல் ஒரு மாதிரி ஆகுதேப்பா" என்று. "எனக்கு ஏதாவது ஆச்சா பாரு" என்றேன். பார்த்தாள். பிறகு கேட்கவில்லை. மாஸ்டரை நம்புகிற பிள்ளை.

நீங்கள் வருவதாக எழுதிய அன்று சுண்டெலி காலையிலிருந்து பேருந்து நிலையத்தில் நின்றுவிட்டு மத்தியானம் திரும்பி வந்தாள். நீங்கள் வராததும் ஒருவிதத்தில் நல்லதுதான். போட்டிக்கு முன் மனது கலையக் கூடாது.

கட்டுரையில் இவள் ஜெயித்ததையும் எழுத வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் மாப்பிள்ளை


ஆகஸ்ட் 22

அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. யாருக்கும் காய்ச்சல் இல்லை, அதனால் சுகம் என்றே எழுதுகிறேன்.

பரிசோதனையில் சிறுநீரில் தெரிந்துவிட்டது. அணியின் டாக்டர் அவரை உட்காரவைத்து என்ன மருந்து என்று கேட்டார். இவர் ஒளிக்கவில்லை. "நான் முதல்ல போட்டுப் பார்த்துட்டுத்தான் சார் கொடுத்தேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். அந்த அறையில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று இவருக்குப் புரியவில்லை. வெளியே வந்து என்னைக் கேட்டார். நான்தான் சொன்னேன். அன்றைக்குத்தான் புரிந்தது.

நான்கு வருடம் எந்தக் களத்திலும் ஏறக் கூடாது. அந்த இடம் எதிர்க் கூடத்துப் பெண்ணுக்குப் போய்விட்டது.

நிலையத்தில் விடுப்பு முடிந்து போய் உட்கார்ந்தாள். ஒரே ஒரு காலை. அதிகாரி கூப்பிட்டு, "பயணிங்க குழம்பறாங்கம்மா, யாரு பேசறாங்கன்னு கேக்கறாங்க" என்றாராம். இப்போது அவள் முன்பு பேசிப் பதிந்துவைத்த ஒலிநாடாவைப் போடுகிறார்கள். மார்க்கெட்டுக்குப் போகும்போது அதைக் கேட்டுக்கொண்டுதான் போகிறேன்.

போன் எடுத்த பையன் யார் என்று கேட்டிருந்தீர்கள். அவள்தான்.

கடைசிப் பகுதி நன்றாக இருந்ததாக இங்கே படித்தவர்கள் சொன்னார்கள். இதழில் தேதி பார்த்தேன். இருபத்தெட்டாம் தேதி அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தீர்களா? அந்த மருந்துக்காரர் இன்னும் நீங்கள் முதலில் எழுதிய பக்கத்தைக் காட்டித்தான் மற்ற கூடங்களில் விற்கிறார்.

அண்ணி சௌக்கியமா?

தங்கை


செப்டம்பர் 5

அன்புள்ள சுண்டெலிக்கு,

மாமா எழுதுவது. நலம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நலமாகத்தான் இருக்கிறேன். அதுதான் கூச்சம்.

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது வரியில் ஒரு ஜோக் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கிழித்துப் போடுகிறேன். நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனிதனுக்கு வேறு எதுவும் எழுதத் தெரியவில்லை என்றால் அவனை என்ன செய்வது? உன் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "மன்னிப்பு கேக்கறதுன்னா ஒரு வரி போதும்" என்றாள். அந்த ஒரு வரியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு வரக் கிளம்பினேன். வண்டி கிடைக்கவில்லை.

அந்த டாக்டரிடம் மறுபடி போனேன். தொண்டை வைத்தியர் ஒருவரின் விலாசம் கொடுத்தார், அடியில் எழுதியிருக்கிறேன். பேச்சுப் பயிற்சி கொடுப்பாராம். பழைய குரல் வரும் என்று நம்பவைக்க வேண்டாம் என்று அவரே சொன்னார், நானும் உன்னை ஏமாற்றவில்லை.

ஆசிரியரிடம் பேசிவிட்டேன். அந்த மருந்துக்காரரைப் பற்றி எழுதுகிறேன், நடந்தது முழுவதையும், சிரிப்பே இல்லாமல். நீ சரி என்றால் மட்டும். அப்பாவிடம் கோபம் இருக்கும். அவர் முட்டாள், கெட்டவர் இல்லை. என்னைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. பதில் எழுது, திட்டியாவது எழுது.

மாமா


அக்டோபர் 30

மாமாவுக்கு,

சுண்டெலி எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது. அத்தைக்கும் உங்களுக்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். என் குரலில் உங்கள் ஜோக்குகள் எடுபடவில்லை.

வண்டி கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டிகளை அறிவித்துக்கொண்டிருந்தவளிடம் இதைச் சொல்லலாமா? அன்று உங்கள் ஊரிலிருந்து வந்தவற்றில் பாதி இருக்கை காலி. நீங்கள் எதற்கு வரவில்லை என்று எனக்குத் தெரியும். தகர டப்பாவுக்கு முன்னால் என்ன முகத்தோடு நிற்பது என்று பயந்தீர்கள். நானும் நின்ற இடத்தில் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்களிடம் முதல் வார்த்தை எதைப் பேசுவது என்று. நீங்கள் வராததால் அந்தத் தொல்லை இல்லாமல் போயிற்று.

தொண்டை வைத்தியரிடம் அம்மாவோடு போய்வந்தேன். நல்ல மனிதர். அவரும் அதையேதான் சொன்னார். மாத்திரையாலோ ஊசியாலோ இனி ஒன்றும் மாறாது, இந்தக் குரலோடு பழக வேண்டும் என்று. இப்போது ஒரு கிடங்கில் சரக்கு இறக்குமிடத்தில் மேற்பார்வை வேலை. லாரிக்காரர்கள் ஒரே அதட்டலில் வண்டியைப் பின்னால் எடுக்கிறார்கள். இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை.

மருந்துக்காரரைப் பற்றி எழுதுங்கள். என்னைப் பற்றியும் எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவைப் பற்றி மட்டும் இனி ஒரு வரியும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

அப்பா அந்த மருந்துக்காரரிடமே போய் மாற்று மருந்து கேட்டிருக்கிறார். ஆணுக்குள்ளது என் குரலைத் தடிக்கவைத்தது என்றால், பெண்ணுக்குள்ளது அதை இளக்கும் என்பது அப்பாவின் கணக்கு. மருந்துக்காரரும் ஒரு மாத்திரைப் புட்டி கொடுத்திருக்கிறார். ஆனால் கூடத்துச் சட்டம் இருக்கிறதே. முதலில் மாஸ்டர் சாப்பிட வேண்டும். செப்டம்பரிலிருந்து அப்பா சாப்பிடுகிறார்.

தாடி சரியாக வளர்வதில்லை. மார்பு வலிக்கிறது என்று சட்டைக்குள் துணி சுற்றிக்கொண்டு கூடத்துக்குப் போகிறார். மூட்டையைத் தூக்கிக் கொக்கியில் மாட்ட முடியவில்லை, பிள்ளைகள் மாட்டுகிறார்கள். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். அம்மா என்னிடம் வந்து, "நீ ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடுவாருடி. அதால ஒண்ணும் ஆகாதுன்னு வைத்தியர் சொன்னதை நீயே சொல்லிடு, என் வாயால வர மாட்டேங்குது" என்கிறாள். நான் சொல்லவில்லை. அம்மாவையும் சொல்லவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் எழுத வேண்டாம், அவர் உங்கள் எழுத்தை நம்புகிறவர்.

தினமும் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நிற்கிறார். கீழே விழுந்தவருக்கு நடுவர் எண்ணுவாரே, அந்த மாதிரி விரலை நீட்டி ஒன்றிலிருந்து பத்து வரை சத்தமாக எண்ணிக் காட்டுகிறார். அவர் குரல் மெலிந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்புறம் எனக்குக் கொடுப்பார். குரல் அப்படியே கணீரென்றுதான் இருக்கிறது. பத்து என்று முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "கொஞ்சமாவது மெலிஞ்சிருக்காம்மா?" என்று கேட்கிறார்.

"இன்னும் இல்லப்பா. விடாம சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொள்கிறேன்.

சுண்டெலி